கிணறும் கிண்ணமும்

சென்னைத் தமிழில் 'எம்டன்' என்றொரு சொல் வழங்குகிறது. எவரிடமும் அகப்படாமல் நழுவுகிற கெட்டிக்காரனை, "அவன் பெரிய எம்டன்" என்பார்கள். சொல் பிறந்த கதையை இன்றைய இளையோரில் பலர் அறியார். 1914 செப்டம்பர் 22 அன்று இரவு, 'எம்டன்' என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்திற்கு எதிரே வந்து ஏறத்தாழ 130 குண்டுகளை வீசியது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் கொள்கலன்கள் தீப்பற்றி எரிந்தன. சில உயிர்கள் மாண்டன. அரைமணி நேரத்திற்குள் கப்பல் இருளில் மறைந்துவிட்டது. நகரம் கலங்கியது, பின்னர் தேறியது, இறுதியில் அந்த அச்சத்தை ஒரு கேலிச் சொல்லாக்கித் தன் பேச்சுக்குள் வைத்துக்கொண்டது.

1942 ஏப்ரலில் மீண்டும் ஓர் அச்சம். அவ்வாண்டு ஏப்ரல் 5ஆம் நாள், உயிர்ப்புப் பெருவிழா ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. 9ஆம் நாள் திருகோணமலைத் துறைமுகம் எரிந்தது. அடுத்தது சென்னைதான் என்று நகரமே மூட்டை கட்டியது. ஆனால் சென்றவர்கள் சில வாரங்களிலேயே திரும்பத் தொடங்கினர். 1943 அக்டோபரில் ஒற்றை விமானம் வந்து துறைமுகப் பக்கம் குண்டு போட்டுச் சென்றது. நம் தலைநகரின் போர்க்காலத் துறைமுக வரலாறு பெரும்பாலும் இவ்வளவே. போர் நம்மிடம் விருந்தாளிபோல் வந்து போயிற்று. அதனால்தான் அதைப் பற்றிச் சிரிக்க நம்மால் முடிகிறது.

கடலுக்கு அக்கரையில் ஒரு துறைமுகம் உண்டு. அங்கே போர் விருந்தாளியாக வரவில்லை. வீட்டுக்காரரை வெளியேற்றிவிட்டுத் தானே குடியேறிக்கொண்டது. அதைப் பற்றி எவரும் கேலிச் சொல் உண்டாக்கவில்லை. அந்தக் காங்கேசன்துறையையும், அதற்கு அருகே தோலகட்டி என்னும் சிற்றூரில் துறவிகள் திராட்சை இரசம் செய்யும் இல்லத்தையும் கண்டுவரும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. கண்டவற்றுள் சிலவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வது நன்று எனக் கருதுகிறோம்.

பயணத்திற்குக் காரணம் ஒரு பெரியவர். எழுபதைக் கடந்தவர். மயிலிட்டியில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, 1990இல் மனைவியோடும் கைக்குழந்தையோடும் படகேறி இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் தொடங்கிப் பல ஊர் கடந்து, இன்று சிட்லபாக்கத்தில் ஒண்டுக் குடித்தனத்தில் வாழ்கிறவர். ஞாயிறு முதல் திருப்பலிக்குத் தவறாமல் வந்து கடைசி வரிசையில் அமர்வார். நாம் யாழ்ப்பாணம் செல்லவிருப்பதை அறிந்து ஒருநாள் மாலை அறைக்கு வந்தார்.

"சுவாமி, எங்கட காணி இருக்கிற துண்டை விட்டிட்டாங்களாம். வீடு இராது, தெரியும். கிணறு இருக்கோ எண்டு மட்டும் பாத்து வாங்கோ" என்றார். சற்று நேரம் நின்று, "தோலகட்டி நெல்லிரசம் ஒரு போத்தலும் கொண்டு வாங்கோ. சின்னனில கலியாண வீட்டில குடிச்சது" என்றும் சொன்னார்.

அவர் கேட்டவை இரண்டே. கேளாதது மூன்றாவது, அதை நாம் அறிவோம். அன்று கைக்குழந்தையாய்ப் படகில் வந்த மகன் இன்று வாடகை வண்டி ஓட்டுகிறார். மாலையானால் கடைத்தெருவில் இறங்கிவிடுவார். குடியினால் வீடு உடைந்து, மருமகள் பிள்ளைகளோடு தாய்வீடு சென்று ஓராண்டு ஆகிறது. ஊரிலே கிணறு இருந்தால் மகனையும் கூட்டிக்கொண்டு அங்கே போய்விடலாம், அங்கே அவன் திருந்துவான் என்பது பெரியவரின் உள்ளத்தில் ஓடிய கணக்கு. ஒரு கிணற்றின்மேல் அவர் ஒரு குடும்பத்தையே ஏற்றி வைத்திருந்தார்.

சிட்லபாக்கத்திலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையம் அதிகத் தொலைவில்லை. அங்கிருந்து சிறிய விமானம் ஒன்றரை மணி நேரத்திற்குள் பலாலியில் இறக்கிவிடுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை அமைத்த ஓடுதளம் அது. 1942இன் அச்சம் சென்னையில் சில வாரங்களில் தீர்ந்தது; அந்தப் போருக்கென இட்ட ஓடுதளமோ பலாலியில் நிலைத்துவிட்டது. பின்னாளில் உள்நாட்டுப் போர் மூண்டபோது அதுவே படைத்தளமாயிற்று. அதைக் காக்கவென்று சுற்றிலுமுள்ள ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. 1990 நடுப்பகுதியில் மயிலிட்டி, காங்கேசன்துறை, வசாவிளான் முதலிய வலிகாமம் வடக்கு ஊர்களின் மக்கள் வெளியேறினர். 2019 அக்டோபரில் அந்தத் தளம் பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. எந்த ஓடுதளத்தின் பொருட்டு அந்தப் பெரியவர் தம் வீட்டை இழந்தாரோ, அதே ஓடுதளத்தில் இறங்கித்தான் நாம் அவருடைய கிணற்றைத் தேடச் சென்றோம்.

காங்கேசன்துறை பழம்பெருமை உடையது. காங்கேயனாகிய முருகனின் திருவுருவம் வந்திறங்கிய துறை என்று மாவிட்டபுரம் கோயிலின் மரபு கூறும். 1905இல் கொழும்பிலிருந்து வரும் இருப்புப்பாதை முழுமை பெற்றபோது அதன் வடகோடி இதுவே. அடியிலே கிடந்த சுண்ணாம்புக்கல்லை நம்பி 1950இல் இங்கே சிமெந்து ஆலை எழுந்தது. 1990இல் ஆலை நின்றது, இரயிலும் நின்றது. 2006 ஆகஸ்டில் கண்டி நெடுஞ்சாலையும் மூடப்பட்டபின், யாழ்ப்பாணக் குடாநாட்டின் அரிசியும் மாவும் மருந்தும் பெரும்பாலும் இந்தத் துறைமுகத்தின் வழியாகவே வரவேண்டியிருந்தது. ஓர் ஊரின் மக்கள் உள்ளே நுழைய முடியாத துறைமுகம், இலட்சக்கணக்கானோரின் அடுப்பு எரியும் வாசலாக இருந்தது. போர் இத்தகைய முரண்களைக் கூச்சமின்றி உண்டாக்கிவிடுகிறது.

இன்று இரயில் வருகிறது. 2015 ஜனவரியில் அது மீண்டும் காங்கேசன்துறையைத் தொட்டது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் தொடங்கிச் சில நாள்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. கடற்கரையில் சிறுவர்கள் விளையாடுகின்றனர். எனினும் சிமெந்து ஆலையின் எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. சாலையின் ஒருபுறம் புதிய ஓட்டு வீடு. மறுபுறம் கூரையற்ற சுவருக்குள் ஆலமரம். காணிகள் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டுள்ளன. இன்னும் வேலிக்குள் கிடப்பவையும் உண்டு.

போரின் கணக்கைத் துறைமுகத்தோடு முடித்துவிடவும் இயலாது. யாழ்நகருக்கு அருகே நவாலியில் புனித பேதுரு ஆலயம் இருக்கிறது. 1995 ஜூலை 9 அன்று குண்டுவீச்சுக்கு அஞ்சி அங்கே அடைக்கலம் புகுந்திருந்த மக்கள்மேல் விமானத்திலிருந்து குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண நகரமே ஓரிரவில் பெயர்ந்து மழையில் நடந்தது. நவாலி ஆலயத்தில் நாம் முழந்தாளிட்டோம். செபிக்கச் சொற்கள் வரவில்லை. முழந்தாளிட்டிருந்ததே செபம் என நம்புகிறோம்.

மறுநாள் தோலகட்டி சென்றோம். வசாவிளானை அடுத்த செம்மண் பூமி. யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது; மழைநீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கித் தங்க, கிணறு தோண்டி இறைத்தே தோட்டம் செய்கிறார்கள். அந்தச் செம்மண்ணும் கிணற்று நீரும் திராட்சைக்கு உகந்தவை. இங்கே 1928இல் தோமஸ் அடிகளார் செபமாலைத் தாசர் சபையை நிறுவினார். அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த அவர், யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் ஆசிரியராயிருந்தவர், நலிந்த உடலினர். மறைபரப்பு நாடுகளிலும் தியான வாழ்வுத் துறவிகள் தோன்றவேண்டும் என்று திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1926இல் விடுத்த சுற்றுமடலில் வலியுறுத்தியிருந்தார். அந்த அழைப்பை மனத்தில் கொண்டு, அந்நாள் யாழ்ப்பாண ஆயர் கியோமார் ஆண்டகை இப்பொறுப்பை இவரிடம் ஒப்படைத்தார். ஓயாச் செபமாலை, மௌனம், மரக்கறி உணவு, கையுழைப்பு என்று நம் மண்ணின் முனிவர் மரபுக்கு நெருக்கமான ஒழுங்கு. சாதி பார்த்துப் பந்தி பிரித்த அக்காலத்தில், பல சாதியினரும் ஒரே கூரையின்கீழ் ஒரே சோற்றை உண்ட இல்லம் அது. அடிகளார் 1964இல் இறைவனடி சேர்ந்தார். இன்று திருச்சபை அவரை இறை ஊழியர் என அழைக்கிறது.

துறவிகள் உழைத்து உண்ணவேண்டும் என்பது பழைய நெறி. அந்த உழைப்பில் விளைந்தவையே தோலகட்டியின் திராட்சை இரசமும் நெல்லிரசமும். சபையின் அருட்சகோதரிகளும் யாழ்நகரில் கறுவாவும் கராம்பும் இட்ட இனிப்பு வைன் செய்கிறார்கள். இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லவேண்டும். சுவைப்பொருள் சேர்த்த வைன் திருப்பலிக்கு ஆகாது. பலிப்பீடத்து இரசம் திராட்சைக் கனியிலிருந்து இயற்கையாகப் பெற்றதாயும் கெடாததாயும் இருத்தல் வேண்டும் எனத் திருச்சபைச் சட்டத்தின் 924ஆம் எண் பணிக்கிறது. நெல்லிரசமோ மதுவே அன்று. நெல்லிக்கனியின் சாறும் சர்க்கரையும் சேர்ந்த பானகம்.

மக்கள் வெளியேறிய 1990இல் இத்துறவிகளும் வெளியேற நேர்ந்தது. செபமாலையைக் கையோடு கொண்டு செல்லலாம். திராட்சைக் கொடியைக் கொண்டு செல்ல முடியாது. இறைப்பாரின்றிப் போனால் பந்தல் சாய்ந்துவிடும். போர் ஓய்ந்தபின் திரும்பியவர்கள், பற்றையை வெட்டி, மறுபடியும் நட்டார்கள்.

நம்மை வரவேற்ற அருட்சகோதரர் பேச்சில் சிக்கனமானவர். குளிர்ந்த நெல்லிரசம் தந்தார். பழத்தை நசுக்கியபின் தோலில் இயல்பாகவே படிந்திருக்கும் நொதி இனிப்பைச் சாராயமாக மாற்றுகிறது என்றும், நுரை அடங்கும்வரை பொறுத்திருப்பதே பெரிய வேலை என்றும் விளக்கினார். அப்போது நம் மனத்தில் இருந்ததை அவரிடம் கேட்டோம். நாம் வாழும் மாவட்டத்தில் 2023 மே மாதம் கள்ளச்சாராயம் குடித்தவர்கள் இறந்தனர். மரக்காணத்திலும் அதே நாள்களில் இறந்தனர். மறு ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆலைப் பயன்பாட்டுக்கான மெத்தனால் அது. குடித்தவர் கண்ணைப் பறித்து உயிரையும் பறித்தது. அரசுக் கடையிலே முத்திரையோடு விற்பதும் மெல்லக் கொல்லத்தான் செய்கிறது. இப்படி இருக்கையில் துறவியர் இரசம் காய்ச்சுவது தகுமா என்றோம்.

அவர் சினம் கொள்ளவில்லை. "சுவாமி, நாங்கள் காய்ச்சிறதில்லை, அது தானாப் பொங்கும்" என்று முதலில் திருத்தினார். பிறகு சொன்னார்: "செபத்துக்கு மணி அடிச்சால் கையில இருக்கிற வேலையை அப்பிடியே விட்டிட்டுப் போகவேணும். இன்னும் நாலு போத்தல் அடைக்கலாமே எண்டு நிக்கேலாது. அதுதான் எங்கட அளவு."

திரும்பும் வழியெல்லாம் இச்சொல் நம்மோடு வந்தது. ஆறாம் நூற்றாண்டின் புனித ஆசீர்வாதப்பர் தம் ஒழுங்கில், துறவிகளுக்குத் திராட்சை இரசம் பொருந்தாது என்ற முன்னோர் கருத்தைச் சுட்டிவிட்டு, அதை ஏற்கச் செய்ய இயலாத காலமாகையால் நாளொன்றுக்கு ஒரு சிறு அளவை வகுத்து, நிறைவயிறு குடித்தலை விலக்கினார். பெல்ஜியத்தில், முதல் உலகப் போர் சூறையாடிய ஈப்பர் நகரின் அருகே வெஸ்ட்விலெட்டெரன் என்னும் சிற்றூர். அங்குள்ள புனித சிக்ஸ்துஸ் மடத்துத் துறவிகள் ஏறத்தாழ 1838 முதல் பார்லி மது செய்து வருகிறார்கள். உலகமெங்கும் தேடப்படும் மது அது. ஆயினும் தங்கள் மடத்தின் செலவுக்கு வேண்டிய அளவுக்குமேல் அவர்கள் செய்வதில்லை. விலைபோகும் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு 'போதும்' என்று சொல்ல முடிகிறவர்களே அதைச் செய்யத் தக்கவர்கள் போலும். நம் கடைத்தெருக்களில் அந்த மணி அடிப்பதில்லை. குடிப்பவன் மட்டுமா அளவு இழந்தான்? விற்பவனும் இழந்தான், வரியாக வாங்குபவரும் இழந்தனர். தவறும் மனிதனின் தலையில் மட்டும் முழுப்பழியையும் ஏற்றிவிட்டு நாம் திருப்தியுறல் ஆகாது.

போரும் அளவிழந்த ஒன்றே. ஒரு தளத்தைக் காக்க ஓர் ஊர். ஊரைக் காக்க ஒரு வட்டாரம். வலயம் விரிந்துகொண்டே போகும். எங்கே நிறுத்துவது என்று சொல்ல மணி இல்லை. குடியும் போரும் வீடுகளை வெறுமையாக்குவதில் உடன்பிறப்புகள் என்று தோன்றிற்று.

இனி, கிணறு. மயிலிட்டித் துறைமுகமும் அதைச் சூழ்ந்த நிலமும் 2017 ஜூலையில் மக்களிடம் திரும்பின. பெரியவர் தாளில் வரைந்து தந்திருந்த அடையாளங்களில் பாதிக்கு மேல் இல்லை. கடலையும் பழைய ஒழுங்கை ஒன்றையும் வைத்துத்தான் இடத்தைக் கண்டுகொண்டோம். வீட்டின் அத்திவாரம்கூடத் தெரியவில்லை. கிணறு இருந்தது. கட்டு ஒரு பக்கம் சரிந்து, பிளவில் அரசங்கன்று வேர்விட்டிருந்தது. ஆனால் கயிறும் வாளியும் புதியவை. அருகே மீளக் குடியேறிய ஒரு தாய் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார். இன்னாருடைய கிணறு, அவர் உயிரோடிருக்கிறார், பார்த்துவரச் சொன்னார் என்றோம். அவர் வாளியை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"நாங்கள் இறைக்கிறது அவருக்குக் குறையில்லை எண்டு சொல்லுங்கோ சுவாமி. இறையாட்டில் ஊத்துத் தூந்துபோம். வந்தால் அவையின்ர கிணறுதானே."

இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும் என்னும் பழமொழியை நாம் மேடைகளில் பலமுறை எடுத்தாண்டதுண்டு. ஒரு கிணற்றின் விளிம்பில் நின்று கேட்டது அன்றுதான். உரிமையாளர் இல்லாத காலத்தில், வேறொருத்தியின் தாகமே அவருடைய ஊற்றைக் காத்துக் கொடுத்திருக்கிறது.

சிட்லபாக்கம் திரும்பியதும் படத்தைக் காட்டி நடந்ததைச் சொன்னோம். பெரியவர் கிணற்றைவிட வாளியையே நெடுநேரம் பார்த்தார். "அப்ப ஆரோ குடிக்கினம்" என்றார். குரலில் குறையில்லை; ஒரு நிறைவு இருந்தது. மகனை அங்கே கொண்டு சென்றால் திருந்திவிடுவானா என்று அவர் கேட்டபோது, நாம் கண்டதை மறைக்கவில்லை. அங்கும் மதுக்கடை உண்டு. வேலையில்லா இளைஞரும் உண்டு. இடம் மாறினால் மட்டும் குடி மாறாது என்றோம். அதைக் கேட்டு அவர் நொறுங்கிவிடுவாரோ என்று அஞ்சினோம். சிறிது நேரத்திற்குப் பின் அவர், "சரி சுவாமி. முதல்ல இங்க இறைக்கவேணும்" என்றார்.

அன்றிரவு நெல்லிரசப் போத்தலைத் திறந்து, தண்ணீர் கலந்து, தமக்கொன்றும் மகனுக்கொன்றுமாக இரு குவளைகளில் ஊற்றி வைத்துக் காத்திருந்தாராம். மகன் நேரம் கழித்து வந்து, அதைக் குடித்து, ஒன்றும் பேசாமல் படுத்துவிட்டார். இதை அற்புதம் என்று எழுத நமக்குத் துணிவில்லை. குடிநோயிலிருந்து மீள விரும்புவோர் வாரந்தோறும் கூடும் கூட்டமொன்று அருகில் உண்டு. அதற்கு அவர் இருமுறை வந்தார். மூன்றாம் முறை வரவில்லை. நான்காம் முறை தந்தையே கூட்டிக்கொண்டு வந்து வாயிலில் அமர்ந்திருந்தார். இவ்வளவே இன்றைய நிலை. ஊற்று தூர்ந்து போகாதபடி ஒருவர் இறைத்துக்கொண்டிருக்கிறார்.

வியட்நாமின் கர்தினால் வான் துவான் 1975இல் சிறைப்பட்டுப் பதின்மூன்று ஆண்டுகள் அடைபட்டிருந்தார். வயிற்றுவலிக்கு மருந்து என்று எழுதி வெளியிலிருந்து அவருக்குச் சிறு புட்டியில் திராட்சை இரசம் அனுப்பினார்கள். உள்ளங்கையையே கிண்ணமாக்கி, மூன்று துளி இரசமும் ஒரு துளி தண்ணீரும் வைத்து அவர் திருப்பலி நிறைவேற்றினார். ஒரு முழு ஆட்சி தன் வலிமையெல்லாம் திரட்டியும் அந்த நான்கு துளிகளை நிறுத்த முடியவில்லை.

ஒவ்வொரு திருப்பலியிலும் குருவானவர் கிண்ணத்து இரசத்தில் சிறிது தண்ணீரைச் சேர்க்கிறார். கிறிஸ்துவின் இறைமையில் நம் மனிதம் கலப்பதன் அடையாளம் அது என்று குருமடத்தில் நமக்குக் கற்பித்தனர். அப்பொருள் என்றும் மாறாதது. தோலகட்டி சென்றுவந்த பின் அதனோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. இரசம் பொறுமையின் விளைவு: பந்தல் சாய்ந்தபின் மறுபடி நட்டவர்கள், மணி அடித்தால் கையை நிறுத்துகிறவர்கள் தந்தது. தண்ணீர் எளியது: பெயர் தெரியாத யாரோ ஒருவர் இன்னொருவருடைய கிணற்றில் இறைத்துக் காத்தது. இரண்டும் கிண்ணத்துள் சேர்ந்தபின் எந்தத் துளி யாருடையது என்று எவரும் பிரிக்க இயலாது. பீடத்தின்முன் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவரின் துயரத்தையும், வாயில்வரை வந்து உள்ளே வரத் தயங்குகிறவரின் நலிவையும் அந்தத் துளியோடு சேர்த்தே ஊற்றுகிறோம்.